கை இறங்கினால் அழியும் எழுத்து

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் எலக்ட்ரானிக் தராசு செய்யும் சின்னக் கம்பெனி ஒன்றில் ரோசம்மாளுக்கு டெஸ்டிங் வேலை. மளிகைக் கடைக்குப் போகிற தராசோ மீன் மார்க்கெட்டுக்குப் போகிற தராசோ, எதுவானாலும் அவள் கையைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும். தட்டில் எடைக்கல்லை வைப்பாள். எண்ணைப் பார்ப்பாள். கல்லை எடுப்பாள். திரும்பச் சைபர் வந்தால் பச்சை ஸ்டிக்கர். தட்டு காலியான பிறகும் ஏதோ ஒரு எண்ணில் அடம்பிடித்து நின்றால் சிவப்பு ஸ்டிக்கர். டிப்ளமோ படித்தவளுக்கு இது பெரிய வேலை இல்லைதான். ஆனால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டும்போது அவளுக்கு ஒரு திருப்தி உண்டு. இந்தத் தராசு இனி யாரையும் ஏமாற்றாது என்று நினைத்துக்கொள்வாள்.

அவள் கணவன் தாவீது அதே சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லில் கிரேன் ஓட்டினான். கூரையை ஒட்டித் தண்டவாளத்தில் ஓடுகிற கிரேன். அதில் தொங்கும் கண்ணாடிக் கூண்டுதான் அவன் இடம். கீழே இரும்பு உருளுகிற சத்தத்தில் யார் பேச்சும் யாருக்கும் கேட்காது. அதனால் அங்கே எல்லாம் கைதான். கீழே கொக்கி மாட்டுகிற ஆள் உள்ளங்கையை மேலே காட்டி அசைத்தால் ஏற்ற வேண்டும், கீழே காட்டினால் இறக்க வேண்டும், முஷ்டியை மூடினால் நிறுத்த வேண்டும். கை கீழே இறங்கிவிட்டாலும் நிறுத்த வேண்டும். தாவீது இந்தக் கை பாஷையில் கெட்டிக்காரன். அதனால்தான் அவனுக்குக் காது போய்க்கொண்டிருந்தது மில்லில் யாருக்கும் வெகுகாலம் தெரியாமலே இருந்தது.

தெருவுக்குத்தான் முதலில் தெரிந்தது. தன் குரல் தனக்கே கேட்காததால் அவன் கத்திப் பேச ஆரம்பித்திருந்தான். ஒருநாள் சாயங்காலம் வாசலில் முகம் கழுவிக்கொண்டே உள்ளே பார்த்துக் கேட்டான்.

"ரோசா, உங்க சித்தி இன்னைக்கி வராங்களாமே? அந்தம்மா வந்தா லேசுல போவாதே!"

"மெதுவா பேசுங்க, அவங்க வந்துட்டாங்க."

"இன்னா?"

"வந்துட்டாங்கன்னேன்!"

"யாரு?"

பின்னால் தெருவில் நின்றிருந்த சித்தி பதில் சொன்னாள். "நான்தாம்பா. லேசுல போவாதவ."

அன்று எல்லோரும் சிரித்தார்கள், சித்தி கொஞ்சம் குறைவாக. ஆனால் ரோசம்மாளுக்கு உள்ளுக்குள் வேறொன்று அரித்துக்கொண்டிருந்தது. கத்திச் சொல்ல வேண்டும் என்றால் அவசியமானதை மட்டும்தான் சொல்ல முடிகிறது. சோறு ரெடி, தண்ணி வந்துடுச்சி, கதவ சாத்து. பஸ்ஸில் பார்த்தது, கம்பெனியில் யாரோ சொன்ன நக்கல், சும்மா மனதில் தோன்றியது, இதையெல்லாம் தொண்டை வலிக்கக் கத்திச் சொல்ல யாரால் முடியும்? அவள் சின்ன விஷயங்களைச் சொல்வதை நிறுத்தியிருந்தாள். எப்போது நிறுத்தினாள் என்பதே அவளுக்குத் தெரியவில்லை.

அந்த வருஷம் மில்லில் புதிதாக ஒரு பகுதியைச் சேர்த்துக் கட்டினார்கள். அங்கே அடுக்கிவைத்த இரும்புக் கட்டைகள் ஆள் உயரத்துக்கு மேலே போனதால், பின்னால் நிற்பவர் கை மேலே இருப்பவனுக்குத் தெரியாது. அதற்காக எல்லோருக்கும் வாக்கிடாக்கி கொடுத்தார்கள். தாவீதுக்கு அதில் வருவதெல்லாம் கரகர சத்தம்தான். எது வந்தாலும் "ஓகே, ஓவர்" என்று சொல்லிவிட்டு, கட்டைகளுக்கு நடுவே தெரிகிற இடுக்கில் ஆளைத் தேடி எப்படியோ ஓட்டினான்.

கீழே கொக்கி மாட்டுகிறவன் கலியன். வாய் சும்மா இருக்காது. வேலை ஓய்ந்திருந்த ஒரு நேரத்தில் வாக்கிடாக்கியை எடுத்துக் கேட்டான்.

"அண்ணே, உன் ஊட்டுக் கூரை பத்திக்கினு எரியுதாமே?"

"ஓகே, ஓவர்," என்றான் தாவீது.

சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பக்கத்தில் இருந்த இன்ஜினியர் ஆதிநாராயணன் மட்டும் சிரிக்கவில்லை. ஆந்திர எல்லையில் தடா பக்கத்து மனிதர். குரலை உயர்த்தாதவர். மறுநாள் தாவீதைக் கூப்பிட்டு உட்காரவைத்து, உதட்டைப் பார்க்க வசதியாக நேரே முகம் கொடுத்து நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

"உன்ன ஊட்டுக்கு அனுப்பல நைனா. ஆனா கிரேன்ல ஏத்த மாட்டேன். கீழ நிக்கிறவனுக்கும் புள்ள குட்டி கீது. கேட்ல வாட்ச்மேனா உக்காரு."

காது டாக்டர், போன காது திரும்பாது என்றார். காதில் மாட்டும் கருவி ஒன்றும் கொடுத்தார். அதை மாட்டினால் லாரி ஹாரன் பேச்சைவிடப் பெரிதாகக் கேட்டது. காது கேட்காதவனுக்கு மில் வாசல் கேட்டைப் போல மோசமான இடம் இல்லை. லாரி டிரைவர்கள் மேலிருந்து வண்டி நம்பரைக் கத்துவார்கள். அவன் வேறு ஏதோ வண்டிக்குத் தடுப்புக் கம்பத்தைத் தூக்குவான். வீட்டுக்கு வந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடப்பான். ஒருநாள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால், அதிசயமாக மெதுவான குரலில் சொன்னான்.

"மேல இருந்தா நான் செவுடன் இல்ல ரோசா. கீழ எறங்குனாதான் செவுடன்."

அந்தச் சொல் ரோசம்மாளை விடவில்லை. அவனை எப்படியாவது மேலே அனுப்ப வேண்டும். ஆனால் அது எப்படி என்று அப்போது அவளுக்குத் தெரியாது. முதலில் வீட்டுக்குள் அவனோடு பேசிவிடுவோம் என்று தொடங்கினாள்.

செல்போன் அவர்களிடம் ஒன்றுதான் இருந்தது. இன்னொன்று வாங்குவதைவிடத் தானே செய்தால் என்ன என்று தோன்றியதற்குக் காரணம், டெஸ்டிங்கில் சிவப்பு ஸ்டிக்கர் வாங்கிய தராசுகளில் சும்மா கிடந்த திரைகள்தான். சூப்பர்வைசர் பர்ஹானா பழவேற்காட்டு வியாபாரக் குடும்பத்துப் பெண். எதைக் கேட்டாலும் முதலில் இல்லை என்பாள், பிறகு கொடுப்பாள். இரண்டு வரி எழுத்து காட்டுகிற பழைய திரைகள் இரண்டை ரோசம்மாள் கேட்டாள்.

"எதுக்குடி, தராசு கட ஆரம்பிக்கிறியா?"

"இல்லக்கா. புருசனாண்ட பேசணும்."

பர்ஹானா திரைகளை எடுத்துக் கொடுத்து, சாப்பாட்டு நேரத்தில் டெஸ்டிங் கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதிக்கொள்ளவும் விட்டாள்.

மற்றதை வாங்க ரோசம்மாள் ஒரு சனிக்கிழமை மின்சார ரயிலில் சென்ட்ரல் போய், அங்கிருந்து எலக்ட்ரானிக் சாமான் விற்கும் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு நடந்தாள். எல்லாவற்றையும் ஆட்டிவைக்கும் மூளையாக, கட்டைவிரல் நீளத்தில் இரண்டு மைக்ரோகண்ட்ரோலர், போனில் இருப்பது போன்ற பட்டன் பலகை இரண்டு, எழுத்தை அனுப்பி வாங்குகிற சின்ன ரேடியோ துண்டுகள். படித்த காலத்தில் செய்தது கை மறந்திருந்தது. முதலில் திரையில் கறுப்புக் கட்டங்கள் மட்டும் வரிசையாக வந்தன. பிறகு எழுத்து வந்தது. ஆனால் இரண்டை அழுத்தினால் எட்டு வந்தது. பட்டன் பலகையின் கம்பிகளைக் கழற்றி மறுபடி பற்றவைத்தாள். ஒரு சாண் செம்புக் கம்பியை ஏரியலாக நீட்டி, இரண்டையும் தனித்தனி பிளாஸ்டிக் டிபன் பாக்ஸுக்குள் வைத்து மூடினாள்.

ஒரு பெட்டியை அவன் கையில் கொடுத்துவிட்டு, சமையல்கட்டுக்குப் போய் இன்னொன்றில் தட்டினாள். இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். 'சாப்ட வாங்க.'

வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. அவன் ஒவ்வொரு எழுத்தாகத் தேடிக்கொண்டிருந்தான். பிறகு அவள் திரையில் வந்தது: 'இன்னா கொழம்பு.'

'கத்திரிக்கா.'

'அப்ப வரல.'

அடுப்பின் முன்னால் நின்று அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் கலங்கியது. அவன் வம்பு பேசி எத்தனை காலம் ஆகிவிட்டது.

அதன்பிறகு சின்ன விஷயங்கள் வீட்டுக்குத் திரும்பின. ஊத்துக்கோட்டை பஸ்ஸில் ஒருவர் ஆட்டுக்குட்டிக்கும் சேர்த்து சீட் பிடித்தது. பர்ஹானாவின் புதுக் கண்ணாடி. பக்கத்து வீட்டுச் சண்டையின் காரணம். தாவீது கத்துவதும் குறைந்தது. தெரு கொஞ்சம் ஏமாந்துபோனது.

கலியன் ஒருநாள் வந்தான். தன் வாய்க்கொழுப்பால்தான் அண்ணன் கேட்டில் உட்கார்ந்திருக்கிறான் என்று அவனுக்கு உறுத்தல். கையில் மீனோடு வந்து தயங்கி நின்றவன், டிபன் பாக்ஸைப் பார்த்ததும் எல்லாவற்றையும் மறந்துவிட்டான்.

"அண்ணி! இத்த கிரேன்ல வச்சா இன்னா? நான் கீழ அமுக்குறேன், அண்ணன் மேல படிக்கட்டும்."

"அதுக்கு செல்லே போதாதா?"

"செல்லா? அந்த ஷெட்டுக்குள்ள டவரே கெடைக்காது. மெசேஜ் அனுப்புனா மெட்ராஸ் போயி டீ குடிச்சிட்டு வருது. அதுக்குள்ள என் தல மேல கொக்கி எறங்கிடும்."

ரோசம்மாள் தாவீதைப் பார்த்தாள். கலியனின் உதட்டை அவன் படித்துவிட்டிருந்தான். கேட்டுக்குப் போன நாளிலிருந்து அந்த முகத்தில் காணாத ஒன்று இப்போது இருந்தது.

ஆதிநாராயணன் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. கலியன் விடாமல் பின்னால் சுற்றியதில், மில் ஓடாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலி இரும்புத் தொட்டியை மட்டும் வைத்துப் பார்க்கலாம், தானும் கூட இருப்பேன் என்றார். அதற்காக ரோசம்மாள் புதிதாக இரண்டு பெட்டி செய்தாள். எழுத்து எழுத்தாக அடிக்க அங்கே நேரம் இருக்காது. ஒரு பட்டனுக்கு ஒரு சொல்: ஏற்று, இறக்கு, நில். தாவீது ஒரே பார்வையில் படிக்க வேண்டும் என்று, திரையில் இல்லாத தமிழ் எழுத்துகளைக் கட்டம்போட்ட தாளில் புள்ளி புள்ளியாக வரைந்து சேர்த்தாள். 'கு' மட்டும் இறால் மாதிரி இருக்கிறது என்று தாவீது சொன்னான்.

முதல் ஞாயிறு ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. கலியன் கையில் தடித்த தோல் உறை. ஒரு பட்டனை அமுக்கினால் மூன்றும் சேர்ந்து அமுங்கின.

"அண்ணி, இது கொயந்த வெரலுக்குச் செஞ்சதா?"

வெறும் விரலால் நுணுக்க வேலை செய்பவள், உறை போட்ட கையை நினைக்கவே இல்லை. அடுத்த ஞாயிறுக்குள் பழைய கிரேன் ஒன்றிலிருந்து எலுமிச்சம்பழம் அளவுப் பட்டன்களை ஆதிநாராயணனே கழற்றிக் கொடுத்தார்.

இரண்டாவது ஞாயிறு எல்லாம் நன்றாகவே தொடங்கியது. கலியன் இரும்புக் கட்டை அடுக்குக்குப் பின்னால் இருந்தான். ரோசம்மாள் கிரேன் கூண்டை ஒட்டிய நடைபாதையில், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அங்கிருந்து திரை தெரிந்தது, கலியன் தெரியவில்லை. 'ஏற்று' வந்தது, தொட்டி ஏறியது. 'நில்' வந்தது, நின்றது. 'இறக்கு' வந்தது, தாவீது தொட்டியை அடுக்குக்குப் பின்னால் இறக்கத் தொடங்கினான்.

பாதியில் நிறுத்திவிட்டான்.

ரோசம்மாள் திரையைப் பார்த்தாள். 'இறக்கு' என்றுதான் இருந்தது. படிக்கத் தெரியாமல் விழிக்கிறானோ? இன்ஜினியர் கீழே பார்த்துக்கொண்டிருக்கிறார். இந்த நேரத்திலா தடுமாற வேண்டும்? அவள் கண்ணாடியைத் தட்டினாள். திரையைச் சுட்டிக்காட்டி, உதடு பெரிதாக அசையச் சொன்னாள்.

"இறக்குன்னு போட்டிருக்கு. இறக்குங்க!"

தாவீது தலையாட்டி மறுத்தான். கை லிவரை விட்டு விலகியிருந்தது. "இரு," என்றான்.

அவள் இன்னொரு முறை தட்டினாள். அவன் அசையவில்லை.

பிறகு அடுக்கின் ஓரத்திலிருந்து கலியன் வெளியே வந்தான், உறையைக் கழற்றி நெற்றியைத் துடைத்தபடி. தொட்டி இறங்கும்போது சங்கிலி முறுக்கிக்கொண்டது. 'நில்' அமுக்கிவிட்டு, தொட்டிக்குக் கீழே குனிந்து முறுக்கை எடுத்துக்கொண்டிருந்தானாம். அவன் அமுக்கிய அதே கணத்தில் அந்தப் பக்கம் தள்ளுவண்டிக்கு வெல்டிங் வைக்க ஆரம்பித்திருந்தார்கள். அந்தப் பொறியில் 'நில்' மேலே போய்ச் சேரவில்லை. பழைய 'இறக்கு' திரையிலேயே நின்றுவிட்டது.

ரோசம்மாள் கம்பியைப் பிடித்துப் பிடித்து ஏணியில் இறங்கினாள். தாவீதும் பெட்டியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தான்.

ஆதிநாராயணன் தாவீதைக் கேட்டார், விரலால் திரையைக் காட்டி. "ஏன் நிறுத்துன?"

தாவீது யோசித்துச் சொன்னான்.

"எழுத்து ஆடாம நின்னுக்கினே இருந்துச்சி சார். எந்த மனுசன் கையும் அவ்ளோ நேரம் அப்டி நிக்காது. கை வலிக்கும்ல? அதான், கலியன் அங்க இல்லன்னு தோணிச்சி."

ஆதிநாராயணன் பெட்டியை எடுத்து ரோசம்மாள் கையில் வைத்தார். கோபப்படவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"இத்தோட போதும்மா."

அன்று மாதா கோயிலில் மண்டியிட்டபோது, அவன் மறுபடி கிரேன் ஏற வேண்டும் என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. கலியன் உயிரோடு இருப்பதற்கு நன்றி சொன்னாள். தான் கண்ணாடியைத் தட்டித் தட்டிச் சொன்னதை அவன் கேட்காமல் இருந்ததற்கு நன்றி சொன்னாள். கட்டினவள் செய்த பெட்டி என்று அவன் கண்மூடி நம்பியிருந்தால்? அதற்கு மேல் நினைக்கவே பயமாக இருந்தது.

திங்கட்கிழமை வழக்கம்போல் தராசுகள் வந்தன. கல்லை வைத்தாள், எடுத்தாள், சைபர், பச்சை. வைத்தாள், எடுத்தாள், சைபர், பச்சை. அடுத்ததில் கல்லை எடுத்த பிறகும் எண் அப்படியே நின்றது. கை தானாகச் சிவப்பு ஸ்டிக்கரை எடுத்தது. ஒட்டப்போனவள் ஒட்டாமல் தராசையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி, தராச மொறைச்சிக்கினு கீற?" என்றாள் பர்ஹானா.

"அக்கா, தட்டுல ஒண்ணுமே இல்ல. ஆனா எட காட்டுது."

"அதான் தெனமும் பாக்குறியே. ரிஜக்ட் பண்ணு."

"நான் செஞ்ச பொட்டியும் இதேதான்க்கா."

நாள் முழுக்கத் தராசுகளில் தான் கண்டுபிடிக்கிற குற்றத்தைத் தன் கையாலேயே செய்து வைத்திருந்தாள். கை கீழே இறங்கினால் சைகை போய்விடும். எழுத்தும் அப்படிப் போக வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்தாள். பட்டனை அமுக்கிக்கொண்டிருக்கும் வரை பெட்டி சொல்லை நிறுத்தாமல் திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டும். விரலை எடுத்தாலோ, வழியில் எதுவோ விழுங்கினாலோ, பேட்டரி செத்தாலோ, மேலே திரை உடனே காலியாக வேண்டும். காலித் திரை என்றால் நிறுத்து. 'நில்' என்று ஒரு பட்டனே தேவையில்லை. அதை எடுத்துவிட்டாள்.

ஆதிநாராயணனைப் பார்க்க அவளே போனாள். இன்னொரு தடவை என்றதும் அவர் கையை உயர்த்தினார்.

"ஏம்மா, அன்னிக்கி நடந்தது பத்தாதா?"

"சார், நான் தராசு டெஸ்ட் பண்றவ. தட்டு காலியானா சைபருக்கு வரணும். வராதத நானே தூக்கிப் போட்டுடுவேன். அன்னிக்கி என் பொட்டி சைபருக்கு வரல. இப்ப வருது. நீங்களே கெடுத்துப் பாருங்க."

அந்தக் கடைசிச் சொல் அவருக்குப் பிடித்திருக்க வேண்டும். அடுத்த ஞாயிறு அவர் அதை ஒரு எதிரியைப் போலக் கெடுத்தார். கிரேனை அசைக்கவே விடவில்லை. திரையை மட்டும் பார்த்தார். வெல்டிங்கைப் பக்கத்திலேயே வைக்கச் சொன்னார். பேட்டரியைப் பிடுங்கினார். ஏரியலை ஒடித்தார். கலியனை அமுக்கச் சொல்லிவிட்டு நடுவில் அவன் கையைத் தட்டிவிட்டார். ஒவ்வொரு முறையும் திரை காலியானது. மேலே தாவீது ஒவ்வொரு முறையும் முஷ்டியை உயர்த்திக் காட்டினான்.

"உள்ள ஃபர்னஸ் பக்கம் நீ எப்பவும் வர மாட்ட," என்றார் ஆதிநாராயணன் கடைசியில், அவன் முகத்துக்கு நேராக. "வெளிய லாரியில கம்பி ஏத்துற யார்டு கிரேன் தரேன். அங்க ஆளு கண்ணுக்குத் தெரியும். லாரி மறைக்கிறப்ப மட்டும் பொட்டி. கைதான் மொதல்ல, எழுத்து அப்பறம். சரியா நைனா?"

"ஓகே, ஓவர்," என்றான் தாவீது.

கலியன்தான் முதலில் சிரித்தான். ரோசம்மாள் அவனிடம் நன்றி சொல்லப் போனபோது தடுத்தான். "நன்றிலாம் வேணாம் அண்ணி. அன்னிக்கி நான் கொண்டாந்த மீனுல கொழம்பு வச்சியே, அத்த இன்னொரு தபா வை."

யார்டு கிரேனுக்கு மதிய ஷிப்ட். தாவீது கிளம்பும்போது அவள் கம்பெனியில் இருப்பாள். அவள் தூங்கிய பிறகுதான் அவன் வருவான். அதனால் வீட்டிலிருந்த இரண்டு டிபன் பாக்ஸ்களை மட்டும் அவள் மாற்றவில்லை. அவற்றில் எழுத்து நிற்கும். யாராவது அடுத்ததை அடிக்கும் வரை, அடித்தவர் போன பிறகும், அப்படியே நிற்கும். இங்கே யார் தலைக்கு மேலேயும் ஒன்றும் தொங்கவில்லை.

ஒரு சாயங்காலம் வந்து விளக்கைப் போட்டாள். தரையில் இரண்டு காப்பி டம்ளர், பக்கத்தில் இரண்டு பெட்டியும். அவள் இல்லாத நேரத்தில் சித்தி வந்திருக்கிறாள். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து தட்டித் தட்டிப் பேசியிருக்கிறார்கள். சித்தி கிளம்பிய பிறகு தாவீது ரோசம்மாளுக்கு அடித்து வைத்துவிட்டுப் போனது திரையில் இருந்தது:

'சித்தி வந்தாங்க. லேசுல போய்ட்டாங்க. இன்னும் கொஞ்சம் இருந்திருக்கலாம்.'

அவள் அதை அழிக்கவில்லை. பதில் அடித்தால் போய்விடும். டம்ளர்களை மட்டும் எடுத்துக்கொண்டு கழுவப் போனாள்.